ரன்ஃபிளாட் டயர்: கொழும்பில் புதிதாக ஓட்டுபவருக்கு

ரன்ஃபிளாட் டயர் என்றதும் எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: காற்று முழுக்கப் போனாலும், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை நம்பி ஓடி முடித்த டயர் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். அதே டயர் கொஞ்சமாவது காற்றோடு கடைக்குப் போய்ச் சேர்ந்தால், ஆணியைப் பிடுங்கி உள்ளே ஒட்டுப் போட்டு இன்னும் சில காலம் ஓட்ட வாய்ப்பிருக்கிறது. காற்று அடிக்கும் பெற்றோல் ஷெட் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொழும்பில், அந்த 80 கிலோமீற்றரைத் தொடாமலே காரியத்தை முடித்துவிடலாம். கீழே வருவது அதற்கான வழி.

உங்கள் காரில் இருப்பது ரன்ஃபிளாட்தானா?

டிக்கியைத் திறந்தால் ஸ்பெயார் வீல் இல்லை, ஆகவே இது ரன்ஃபிளாட் என்று முடிவு கட்டுபவர்கள் இங்கே நிறையப் பேர். ஆபத்தான முடிவு அது. ஜப்பானிலிருந்து வந்து கொழும்பை நிரப்பியிருக்கும் ஹொண்டா வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள் பலவற்றிலும் ஸ்பெயார் வீல் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு போத்தல் அடைப்புத் திரவமும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும் வைத்திருப்பார்கள். டயர் சாதாரண டயர்தான். அதைக் காற்றில்லாமல் ஓட்டினால் கொஞ்சத் தூரத்திலேயே டயரும் போகும், ரிம்மும் போகும்.

மறுபக்கமும் உண்டு. பீ.எம்.டபிள்யூ, மினி, சில பென்ஸ் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே ரன்ஃபிளாட்டோடு வந்திருக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. டயர் விலையைப் பார்த்தோ, குலுக்கலைப் பொறுக்க முடியாமலோ பழைய உரிமையாளர் சாதாரண டயருக்கு மாறியிருக்கலாம். நான்கில் இரண்டை மட்டும் மாற்றியிருந்தால் இன்னும் மோசம். நீங்கள் ரன்ஃபிளாட் என்று நம்பி ஓட்டுவீர்கள். காற்றுப் போவது மற்ற டயரில்.

ஆகவே முதல் வேலை, பகல் வெளிச்சத்தில் நான்கு டயரின் பக்கச் சுவரையும் ஒவ்வொன்றாக வாசிப்பது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ரன்ஃபிளாட்டுக்கு ஒவ்வொரு குறி வைத்திருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி (RFT) என்ற மூன்று எழுத்து. மிஷ்லின் என்றால் இசட்.பி (ZP). கொன்டினென்டலில் எஸ்.எஸ்.ஆர், டன்லொப்பில் டி.எஸ்.எஸ்.டி (DSST), குட்இயரில் ஆர்.ஓ.எஃப் அல்லது ரன்ஒன்ஃபிளாட் என்று முழுச் சொல். பிரெல்லி ரன் ஃபிளாட் என்றே எழுதும். பீ.எம்.டபிள்யூவுக்காகச் செய்த டயர்களில் ஆர்.எஸ்.சி என்ற எழுத்துகளை ஒரு வட்டத்துக்குள் காணலாம். அளவு எழுதியிருக்கும் இடத்தில், 225/50 என்பதற்குப் பிறகு வெறும் ஆர் இல்லாமல் ஆர்.எஃப் என்று இருந்தாலும் அது ரன்ஃபிளாட்தான்.

ஏமாற்றும் குறிகள் இரண்டு இருக்கின்றன. சிறிய நட்சத்திரக் குறி, அந்த டயரை பீ.எம்.டபிள்யூ ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அது மட்டும் இருந்தால் ரன்ஃபிளாட் என்று கொள்ள முடியாது. பென்ஸுக்கான எம்.ஓ குறியும் அப்படியே. எம்.ஓ.இ என்று கடைசியில் ஓர் எழுத்துக் கூடினால்தான் ரன்ஃபிளாட். விற்பவர் நட்சத்திரத்தைக் காட்டித் தலையாட்டினால், நீங்கள் குனிந்து மற்ற எழுத்துகளைத் தேடுங்கள்.

குனிந்த கையோடு டி.ஓ.டி என்று தொடங்கும் வரியையும் பாருங்கள். அதன் கடைசி நான்கு இலக்கம் டயர் பிறந்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் தாண்டியது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். வீட்டுக்கும் கந்தோருக்கும் மட்டும் ஓடி, மீதி நேரம் நிழலில் நிற்கும் கொழும்பு வண்டிகளில் தவாளிப்பு தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும்.

காற்றில்லாமல் எப்படி ஓடுகிறது

சாதாரண டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது காற்று. ரன்ஃபிளாட்டில் பக்கச் சுவருக்குள் சூடு தாங்கும் தடித்த ரப்பரை வைத்திருக்கிறார்கள். காற்றுப் போனதும் பாரம் அந்தச் சுவரில் இறங்கும். 1990களில் அமெரிக்காவின் கொர்வெட் கார்களில் இது பழக்கத்துக்கு வந்தது. 1997 கொர்வெட் ஸ்பெயார் வீலே இல்லாமல் வெளிவந்தது. பிறகு பீ.எம்.டபிள்யூ இதைப் பரவலாக எடுத்துக்கொண்டது.

சுவர் தாங்குகிறதே, பிறகு ஏன் 80 கிலோமீற்றரோடு நிறுத்தச் சொல்கிறார்கள்? சூடுதான் காரணம். 225/50 அளவில் 17 அங்குல ரிம்மில் ஏறும் டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 485 தடவை சுற்றும். காற்றில்லாதபோது ஒவ்வொரு சுற்றிலும் சுவர் மடங்கி நிமிர்கிறது. 80 கிலோமீற்றரில் அது 39,000 தடவைக்குக் கிட்ட வரும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறி முறிவதுபோல, சுவரும் உள்ளுக்குள் சூடேறிச் சிதையும். வேகம் கூடினால் சூடு கூடும். பாரம் கூடினால் மடிப்பு ஆழமாகும், சூடு இன்னும் கூடும். நண்பகல் தார் வீதி வேறு கீழிருந்து காய்ச்சும்.

பாரத்தின் கணக்கைப் பழைய பீ.எம்.டபிள்யூ கையேடுகள் சில வெளிப்படையாகவே எழுதியிருந்தன. ஒருவர் இருவர், சாமான் இல்லை என்றால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். சாமான் இல்லாமல் நாலு பேர் என்றால் 150. நாலு பேரோ அதற்கு மேலோ ஏறி டிக்கியும் நிறைந்திருந்தால் 50. புதிய கையேடுகளில் இந்தப் பட்டியலைச் சுருக்கி 80 என்று போட்டுவிடுகிறார்கள். கதிர்காமம் போகக் குடும்பத்தோடு, குளிர்ப் பெட்டியோடு கிளம்பும் நம்மவர்கள் மனதில் வைக்க வேண்டியது அந்த 50ஐத்தான்.

கண்ணை நம்பாதீர்கள், கேஜை நம்புங்கள்

சாதாரண டயரில் காற்றுக் குறைந்தால் அடிப்பக்கம் பிதுங்கும். பக்கத்து வண்டிக்காரன்கூடக் கைகாட்டிச் சொல்வான். ரன்ஃபிளாட்டின் சுவர் விறைப்பானது. பாதிக் காற்றுப் போனாலும் நிமிர்ந்தே நிற்கும், காலால் உதைத்துப் பார்த்தும் பயனில்லை. இதனால்தான் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ் இல்லாத காரில் ரன்ஃபிளாட் போடக் கூடாது என்கிறார்கள். காற்றுப் போனது தெரியாமலே நீங்கள் அதிவேக நெடுஞ்சாலையில் 100இல் போய்க்கொண்டிருக்கலாம்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பல்பை யாரோ மறைத்துவிட்டார்களா என்று சந்தேகப்படுங்கள். இரண்டாம் கை வண்டியில் இது நடக்காத கதையல்ல. ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால் கோளாறு டயரில் இல்லை, கண்காணிப்பு அமைப்பில். பெரும்பாலும் சென்சரின் பற்றரி தீர்ந்திருக்கும். மின்னாமல் எடுத்த எடுப்பில் நிலையாக எரிந்தால் காற்றுக் குறைந்திருக்கிறது.

இந்த அமைப்பில் இரண்டு வகை. வால்வோடு சேர்ந்த சென்சர் உள்ளது ஒவ்வொரு டயரின் அளவையும் எண்ணாகக் காட்டும். மற்றது பிரேக்குக்கான ஏ.பி.எஸ் சென்சரை வைத்து எந்தச் சில்லு வேகமாகச் சுற்றுகிறது என்று ஒப்பிட்டு ஊகிப்பது. அது எண் காட்டாது. காற்றடித்த பிறகு, டயர் மாற்றிய பிறகு, மெனுவுக்குள் போய், இதுதான் சரியான அளவு என்று மறுபடி பதியச் சொல்ல வேண்டும். பதியாவிட்டால் பழைய அளவோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். காற்றுக் குறைந்திருக்கும்போது பதிந்தாலோ, குறைந்த காற்றையே சரியான அளவு என்று அது கற்றுக்கொள்ளும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் கையேட்டில் முதலில் தேட வேண்டிய பக்கம் இதுதான் என்பேன்.

காற்றடிக்கும் அளவு சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உண்டு. சில வண்டிகளில் பெற்றோல் மூடிக்குள் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு, தனியாகப் போவதற்கும் ஆட்கள் நிறைந்து போவதற்கும் வேறு. ஷெட்டில் நிற்கும் பையன் நான்குக்கும் ஒரே அளவை அழுத்தப் பார்ப்பான். எண்ணை நீங்களே சொல்லுங்கள். தாளில் எண் பார் (bar) என்ற அலகில் மட்டும் இருந்தால் 14.5ஆல் பெருக்க பி.எஸ்.ஐ அலகில் கிடைக்கும்.

அளக்கும் நேரம் காலை, வண்டியை எடுத்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள். காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு அளந்தால் 3 முதல் 5 பி.எஸ்.ஐ கூடக் காட்டும். கூடிவிட்டதே என்று சூடான டயரில் காற்றை இறக்கினால், மறுநாள் காலை அது குறைந்து நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். நைட்ரஜன் அடித்தால் அளக்கத் தேவையில்லை என்று சொல்லும் கடைகளும் உண்டு. நைட்ரஜன் அடிப்பதில் தப்பில்லை, ஆனால் ஆணி குத்தினால் அதுவும்தான் வெளியே போகும்.

விளக்கு எரிந்துவிட்டது

மாலை ஆறு மணி, பம்பலப்பிட்டி, பின்னால் 100ஆம் இலக்க பஸ் ஹோன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள். காலை எடுங்கள், வேகம் தானாகக் குறையட்டும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, அடியில் தொப் தொப் என்று சத்தம் வருகிறதா, பின்பக்கம் அலைகிறதா என்று கவனியுங்கள். எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மெதுவான கசிவு. பல அமைப்புகள் கால்வாசிக் காற்றுக் குறைந்ததுமே விளக்கை எரிய விடும். 32 இருக்க வேண்டிய டயரில் 24, 25 மிச்சமிருக்கலாம். அதாவது உங்கள் 80 கிலோமீற்றர் இன்னும் தொடங்கவே இல்லை. அதைத் தொடங்க விடாமல் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

காலி வீதியில் நடு லேனில் நிறுத்தாமல், மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றுக்குள் திருப்பி நிறுத்துங்கள். ஹஸார்ட் விளக்கைப் போட்டு, இறங்கி நான்கு டயரையும் சுற்றிப் பாருங்கள். ஆணியோ திருகாணியோ தெரிந்தால் பிடுங்காதீர்கள். அதுதான் இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம் இருக்கிறதா? ரிம் நெளிந்திருக்கிறதா? ஓடோமீற்றரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று கேட்பார், அப்போது உதவும்.

வெட்டும் இல்லை, வீக்கமும் இல்லை என்றால் அருகிலுள்ள ஷெட்டுக்கு மெதுவாகப் போய் அளந்து, தாளில் உள்ள அளவுக்கு அடித்துக்கொண்டு நேரே டயர் கடைக்குப் போங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்ற யோசனை வரும். நாளைக் காலை டயர் வெறுமையாக இருக்கும், அதன்மேல் வண்டி இரவெல்லாம் நின்றிருக்கும். டிக்கியில் 12 வோல்ட் காற்றுப் பம்ப் ஒன்று வைத்திருந்தால் ஷெட்டையும் தேட வேண்டாம். ரன்ஃபிளாட் வைத்திருப்பவர் வாங்கக்கூடிய உருப்படியான சாமான் அதுதான் என்பது என் எண்ணம். அடைப்புத் திரவப் போத்தலை மட்டும் உங்கள் கையேடு அனுமதித்தால் ஒழிய ஊற்றாதீர்கள். சென்சரில் ஒட்டும், பக்கச் சுவர் வெட்டை அது அடைக்கவும் அடைக்காது.

எண் 0 என்று காட்டுகிறது, அல்லது அடித்த காற்று கண்ணெதிரே சீறிக்கொண்டு போகிறது என்றால்தான் உண்மையான ரன்ஃபிளாட் ஓட்டம் தொடங்குகிறது. பின்னால் இருப்பவர்களை ஒரு ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுங்கள், பாரம் குறையும். நகரத்துக்குள் சட்டப்படியான வேகமே 50தான், அதற்கும் கீழே போங்கள். வளைவுகளில் நடைவேகம். வீதிக் கிடங்கு, குழாய்க்காக வெட்டி மூடிய பள்ளம், நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கத்து ரயில் கடவைகள் எல்லாவற்றையும் கூடுமானவரை தவிர்த்துச் சுற்றிப் போங்கள். காற்று இல்லாத சுவர் குலுக்கலை நேரே ரிம்முக்கு அனுப்பும், அலோய் ரிம் வெடிக்கும். பிரேக் பிடிக்க வழக்கத்தைவிடத் தூரம் தேவைப்படும் என்பதால் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுங்கள். கொழும்பில் விட்ட இடைவெளிக்குள் ஓட்டோ ஒன்று நுழையத்தான் செய்யும். பொறுமையாக மறுபடி விடுங்கள்.

மழையில் கூடுதல் கவனம் பின் டயருக்கு. முன் டயர் வெறுமையானால் ஸ்டியரிங் கனத்து உங்களுக்குத் தெரிவிக்கும். பின் டயர் வெறுமையானால் வண்டி ஒன்றும் சொல்லாமல் வந்து, ஈரமான வளைவில் வாலை வீசும். தென்மேல் பருவத்தில் கிடங்குகள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும்போது, வெறும் டயரோடு தேங்கிய நீரைக் கடப்பதைவிட ஓரமாக ஒதுங்கி மழை விடும்வரை காத்திருப்பது நல்லது.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள் சில. சுவர் கிழிந்திருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு டயர் வெறுமையானால், ரப்பர் கருகும் மணம் வந்தால், அதிர்வும் சத்தமும் வர வரக் கூடினால் ரன்ஃபிளாட் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டினால் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து பறக்கும். கெரியரைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். வண்டியை முழுதாக ஏற்றிப் போகும் கெரியராக இருக்க வேண்டும். உங்கள் காப்புறுதியில் இந்தச் சேவை இருக்கிறதா என்று இன்றைக்கே பத்திரத்தைப் பாருங்கள். பலருடையதில் இருக்கும், அவர்களுக்கே தெரியாது.

அதிவேக நெடுஞ்சாலையில்

பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க வரை 25.8 கிலோமீற்றர்தான். எங்கே விளக்கு எரிந்தாலும் வெளியேறும் வழி பக்கத்தில் இருக்கும். தெற்கு நெடுஞ்சாலை வேறு கதை. கெலனிகமவுக்கும் தொடங்கொடைக்கும் இடையே, வெலிப்பென்னைக்கும் குருந்துகஹஹெதெக்மைக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வெளியேற வழியில்லாமல் போக வேண்டிவரும். மற்றவர்கள் 100இல் வருவார்கள், உங்கள் உச்சவரம்பு 80. இடப்பக்க லேனுக்கு மாறி, ஹஸார்ட் போட்டு, 60, 70க்குள் நிதானமாக அடுத்த வெளியேறும் வழி வரை போங்கள். வெலிப்பென்னை ஓய்விடம் கிட்டவென்றால் அங்கே நிறுத்திப் பார்க்கலாம்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இடப்பக்க அவசர லேனில், முடிந்த அளவு ஓரமாக. சாரதிக் கதவு ஓடும் வண்டிகள் பக்கம் இருப்பதால் எல்லோரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, காவல் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். நெடுஞ்சாலை அவசர உதவிக்கு 1969. யாருக்காவது காயம் என்றால் 1990. அந்த ஓரத்தில் உட்கார்ந்து டயர் கழற்றும் வீரம் வேண்டாம்.

டயர் கடையில் என்ன கேட்பது

எல்லாக் கடையாலும் ரன்ஃபிளாட்டைக் கழற்ற முடியாது. விறைத்த சுவரை ரிம்மிலிருந்து விடுவிக்கத் துணைக் கை பொருத்திய மெஷின் வேண்டும். சாதாரண மெஷினில் இரும்புப் பட்டையை விட்டு நெம்பினால் சுவரின் ஓரம் கிழியும், வால்வோடு இருக்கும் சென்சர் உடையும். ஆகவே போவதற்கு முன் போன் போட்டு, ரன்ஃபிளாட் கழற்றுவீர்களா, மெஷினுக்குத் துணைக் கை இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல நாளில், ஒரு பிரச்சினையும் இல்லாதபோதே, வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் கந்தோருக்குப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு கடையைப் பார்த்து வைப்பது புத்திசாலித்தனம். போயா தினத்திலும் ஞாயிறு பிற்பகலிலும் பல கடைகள் பூட்டு. ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் நகரமே வெறிச்சோடிவிடும், டயர் மாற்றுபவர் ஊருக்குப் போயிருப்பார்.

இன்னொன்று: லொக் நட் சாவி. திருட்டைத் தடுக்கச் சில்லுக்கு ஒன்று வீதம் வித்தியாசமான போல்ட் போட்டிருப்பார்கள். அதற்குரிய சின்னச் சாவி டிக்கியிலோ கையுறைப் பெட்டியிலோ இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தக் கடையிலும் சில்லைக் கழற்ற மாட்டார்கள். பழைய உரிமையாளரிடம் வண்டிப் புத்தகத்தோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"சேர், ஆணிதானே. கழற்றத் தேவையில்லை, வெளியாலேயே ஓட்டைக்குள்ள ரப்பர் திரி அடிச்சு அஞ்சு நிமிசத்தில அனுப்பிடுறேன்."

"இல்ல தம்பி, இது ரன்ஃபிளாட். கொஞ்சத் தூரம் காற்றுக் குறைஞ்சு ஓடியிருக்கு. கழற்றி உள்பக்கத்தைக் காட்டுங்க, பிறகு பேசுவோம்."

உள்பக்கம்தான் எல்லாவற்றையும் சொல்லும். சுவரின் உட்பக்கத்தில் சுருக்கம், நிறம் மாறிய வளையம், கையில் ஒட்டும் கறுப்புத் தூள், உரிந்த ரப்பர், இவற்றில் எது இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. வெளியே புதிதுபோல இருந்தாலும் அப்படித்தான். உள்ளே சுத்தமாக இருந்து, ஓட்டை தரையைத் தொடும் பகுதியின் நடுவில், சிறியதாக இருந்தால், உள்ளிருந்து ஒட்டும் முறையில் ஒருமுறை பழுது பார்க்க மிஷ்லின், பிரெல்லி போன்ற நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. பீ.எம்.டபிள்யூ தன் பங்குக்கு மாற்றச் சொல்லும். காற்றே இல்லாமல் ஓடிய டயரை ஒட்டித் தர ஒரு கடை முன்வந்தால், ஆள் நல்லவராக இருக்கலாம், வேலை நல்லதல்ல. வெளியிலிருந்து திரி அடிப்பது எந்த நிலையிலும் வேண்டாம். உள்ளே பார்க்காமல் அடைத்த ரன்ஃபிளாட்டின் சுவர் எந்த நிலையில் இருக்கிறதென்று அடைத்தவருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கித் தள்ளினால் அடுத்த முறை கழற்றவே வராது. கடையை விட்டுக் கிளம்புமுன் டி.பி.எம்.எஸ்ஸை மறுபடி பதியுங்கள்.

புதிது வாங்கும்போது

ரன்ஃபிளாட் அளவுகள் எல்லாக் கடையிலும் தயாராக இருக்காது, சொல்லி எடுக்க வேண்டிவரும். விலையும் சாதாரண டயரைவிடக் கூட. ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருப்பது நல்லது. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி என்றால் தேய்மான வித்தியாசத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், கியர் பக்கம் செலவு வைக்கும். தவாளிப்புக்குள் தெரியும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றர், தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். நம் மழைக்கு அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது நல்லது.

பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பாவித்த ரன்ஃபிளாட் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அங்கே தேடி வாங்கலாம், தப்பில்லை. பாவித்த ரன்ஃபிளாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஒருமுறை காற்றில்லாமல் ஓடியதா என்பதை வெளியே பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

சாதாரண டயருக்கு மாறிவிடலாமா என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள். மாறலாம். வண்டி மெத்தென்று ஓடும், டயர் எளிதில் கிடைக்கும், பஞ்சர் ஒட்டுவதும் சுலபம். ஆனால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு அது, இரண்டு இது என்று கலப்பது சரியில்லை. கூடவே ஸ்பெயார் வீலோ அடைப்புத் திரவமும் பம்புமோ வாங்கியாக வேண்டும். கொழும்புக்குள்ளேயே ஓடுபவர், அதிலும் இரவில் தனியாக வேலை முடிந்து வருபவர், ரன்ஃபிளாட்டையே வைத்திருப்பது மேல். ராத்திரி பதினொரு மணிக்கு கிராண்ட்பாஸில் நின்று ஜக்கைத் தேடுவதைவிட மெதுவாக ஓட்டி வீட்டு வாசலுக்கு வருவது எவ்வளவோ நல்லது. மாதத்தில் இரண்டு முறை வடக்குக்கோ கிழக்குக்கோ ஓடுபவர் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்றால்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே 75 கிலோமீற்றர் போல, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. வழியில் ஊர்கள் உண்டு, பஞ்சர் கடைகளும் உண்டு. ரன்ஃபிளாட் கழற்றும் மெஷினோ உங்கள் அளவு டயரோ இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. நம்மவர்கள் இரவுப் பயணத்தை விரும்புவதால் கடைகள் பூட்டிய நேரத்தில்தான் இந்தப் பகுதிகளைக் கடப்பார்கள். ஐந்து பேரும் பலகாரப் பெட்டியுமாகப் போகும் வண்டிக்கு அந்தப் பழைய கையேட்டின் 50 கிலோமீற்றர் போதாது.

ஆகவே முதல் நாள் காலையிலேயே, தாளில் முழுப் பாரத்துக்கு என்று போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, பதிந்து வையுங்கள். பம்பை டிக்கியின் அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வழியில் விளக்கு எரிந்தால் நின்று அடித்து, அரை மணிக்கு ஒருமுறை அளந்துகொண்டே அடுத்த பெரிய ஊரைப் பிடிக்கலாம். மெதுவான கசிவுகளுக்கு இது போதும். பெரிய வெட்டு விழுந்தால், வவுனியா போன்ற ஊரில் அதே அளவில் சாதாரண டயர் கிடைத்தாலும் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்துத் திரும்பி வரலாம். வந்ததும் அதைக் கழற்றி முறையானதைப் போட்டுவிட வேண்டும்.

அடிக்கடி போகிறவர் உங்கள் காரின் போல்ட் அமைப்புக்குப் பொருந்தும் ஸ்பெயார் வீல் ஒன்றைத் தேடி வாங்கி டிக்கியில் கட்டி வைப்பது நல்லது. ரன்ஃபிளாட்டோடு வந்த கார்களில் ஜக்கும் ரென்ச்சும் பெரும்பாலும் இருக்காது, அவற்றையும் தனியே வாங்க வேண்டும். ஜக்கை வண்டியின் அடியில் அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் வையுங்கள். ஸ்பெயார் இரும்பு ரிம் என்றால் அதற்குரிய போல்ட்டும் கூடவே வேண்டும். அலோய் ரிம்மின் போல்ட் அதற்கு நீளம் கூடிப்போய் உள்ளே பிரேக் பாகங்களில் இடிக்கலாம். வீட்டு முற்றத்தில் ஒருமுறை மாட்டி, சில்லு தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டே பயணத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.